படத்தில் இல்லாத சிரிப்பு

என் தொழிலில் நான் அதிகம் செய்தது ஆட்களைக் கொல்வதுதான். மைசூரில் உட்கார்ந்துகொண்டு கன்னட டிவி சீரியல் இயக்குகிறவனுக்கு வேறென்ன வேலை? ஒரு மாமியாரை மாடிப்படியில் உருட்டிக் கொன்றேன். அவள் போனதும் பார்க்கிற கூட்டம் குறைகிறது என்று சேனல்காரர்கள் பதறினார்கள். அதே மாமியாரை மடிக்கேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவு தப்பியவளாகக் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூட்டிவந்து, ஆரத்தி எடுத்தேன். எல்லாம் ஒரே மாதத்தில். இதற்கெல்லாம் நான் வெட்கப்பட்டதில்லை. வீட்டுக் கடன் அந்த மாமியாரால்தான் அடைந்தது.

இதற்கு நடுவில் சொந்தமாக ஒரு படம் எடுத்தேன். தயாரிப்பாளர் கிடையாது, ஸ்டார் கிடையாது. ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்தில் ஒரு தமிழ் விவசாயி செத்துப்போகிறார். மைசூரில் வளர்ந்த பிள்ளைகள் சாவுக்கு வருகிறார்கள். அழக்கூடத் தமிழ் வராமல் கன்னடத்தில் அழுகிறார்கள். கதை அவ்வளவுதான். சீரியலுக்கு லீவு கிடைக்கும் நாட்களில் போய்ப் போய் எடுத்தோம். பெங்களூரில் காட்டினால் ‘இது தமிழ்ப் படமாயிற்றே’ என்றார்கள். சென்னையில் காட்டினால் ‘பாதிப் படம் கன்னடமாயிற்றே’ என்றார்கள். என்ன படம் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் குழப்பம் பெரிதில்லை. பெரிய குழப்பம் வேறு. அது என் அப்பாவின் சிரிப்பு பற்றியது.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர், கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம் என்று காலம் முழுக்க அதே ரோட்டில் போய் வந்தவர். அவர் சிரிக்க மாட்டார். கோபக்காரர் என்றில்லை, அது ஒரு கொள்கை. சில்லறை இல்லாதவனைப் பார்த்துக் கண்டக்டர் ஒருமுறை சிரித்துவிட்டால் அப்புறம் அந்த ரூட்டில் ஒருத்தனும் சில்லறை கொண்டுவர மாட்டான் என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகம் மாறவில்லை. என் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் டிக்கெட் கேட்கிற மாதிரியே நிற்கிறார்.

படத்தில் செத்துப்போகிற விவசாயியாக நடிக்க மைசூர் நாடகக்காரர் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். வயசாளி, நல்ல நடிகர். அவருடைய மற்ற காட்சிகளையெல்லாம் இருட்டில், முதுகுப் பக்கமாக, தூரத்தில் என்று எடுத்து முடித்திருந்தோம். பாடைக் காட்சி அன்று பாடையைப் பார்த்ததும் மனுஷன் பேயறைந்தது போல நின்றுவிட்டார். மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, இந்த நேரத்தில் பாடையில் படுக்க மாட்டேன் என்றார். நான் கையைப் பிடித்தேன், காலையும் பிடித்திருப்பேன். ஊர்க்காரர்கள் கூடியாயிற்று. மேளக்காரர்கள் வந்தாயிற்று. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெயில் போனால் அன்றைய காட்சி போச்சு, அந்தக் கூட்டத்தை மறுபடி கூட்டவும் முடியாது.

அப்போது, வேடிக்கை பார்க்க வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். “நான் படுத்துக்கறேன்” என்றார்.

அம்மா ஆடிப்போனாள். உசுரோட இருக்கிறவர் பாடையில் ஏறுவதா என்று என்னைத்தான் திட்டினாள், அவரை அல்ல. எங்கள் மேனேஜர், பழைய சினிமாக்காரர், கன்னடக்காரர், அவளைச் சமாதானப்படுத்தினார். சினிமாவில் இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் கேமராவில் பிடிக்க வேண்டும். படத்தில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் எடுத்தாக வேண்டும். எடுத்தால் தோஷம் கழிந்தது. சீரியலில் நான் கொன்ற அத்தனை பேரும் அப்படி எழுந்து சிரித்தவர்கள்தான். திருஷ்டிக்கு உடைக்கும் பூசணிக்காய் தனி.

அப்பா படுத்தார். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சேர்த்து வாய்க்கட்டு. கேமராமேன் என் சீரியல் கூட்டாளி. தலைமாட்டில் வைத்த பித்தளை விளக்கில் கேமரா ஓடும்போது எரிகிற சிவப்பு லைட் தெரிகிறது என்று அந்த லைட்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். ஷாட் பிரமாதமாக வந்தது. கூலிக்கு வந்தவர்கள்கூட நிஜமாக அழுதார்கள். கட் சொன்னேன். மேனேஜர் கத்தினார், அப்பா எழுந்தார், எல்லோரும் சிரித்தோம், சிரிப்பு ஷாட் முடிந்தது, பூசணிக்காய் உடைத்தோம், வீட்டுக்கு வந்தோம். இதுதான் எனக்கு ஞாபகம். இதை நான் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லியிருப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கவாதம். சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போனதால் தப்பித்தார். நடக்கிறார், பேசுகிறார், பேச்சு மட்டும் மெதுவாக வரும். முகத்தின் இடது பக்கம் அப்படியே நின்றுவிட்டது.

பார்க்க ராமாபுரத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. வாழைப்பழச் சீப்பைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். “உசுரோட பாடையில படுத்தா அது சும்மா உடுமா?”

“எந்திரிச்சுச் சிரிச்சாருங்க்கா. வாய்விட்டுச் சிரிச்சாரு. என்ற பையன் படம் புடிச்சு வெச்சிருக்கான், காட்டச் சொல்றேன்” என்றாள் அம்மா.

அத்தை நம்பவில்லை. அவள் போய் ஊரில் சொல்ல, ஊர் போனில் எங்களுக்குச் சொல்ல, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? ராமாபுரத்தில் ஒருத்தர், குண்டலுபேட்டையில் ஒருத்தர், யார் கூப்பிட்டாலும் பேச்சு பாடையில்தான் வந்து நிற்கும். அம்மா எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னாள். பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, அந்தச் சிரிப்பைக் கொண்டுவா என்றாள். ஊருக்குக் காட்ட மட்டும் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அப்பாவின் முழு முகமும் சிரித்ததற்கு வீட்டில் வேறு சாட்சியே கிடையாது. அதைக் காட்டுகிறவரை என் படத்தை எவனுக்கும் காட்டக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அப்போதுதான் ஒரு திரைப்பட விழாவில் படத்தைக் கேட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நிமிஷ வேலை, இதற்கு இத்தனை நிபந்தனையா என்று நினைத்துக்கொண்டு குவெம்பு நகரில் எடிட்டிங் செய்யும் மாடி அறைக்குப் போனேன்.

சிரிப்பு அங்கே இல்லை.

பாடை ஷாட் இருந்தது. அதை எடிட்டிங்கில் பலமுறை பார்த்தவன்தான், ஆனால் வேண்டிய துண்டை வெட்டிக்கொண்டு மிச்சத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இப்போது கடைசிவரை ஓடவிட்டேன். கட் என்று நான் சொன்ன பிறகும் படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேளக்காரர்கள் பீடி பற்றவைக்கிறார்கள். அம்மாவின் கை உள்ளே வந்து பஞ்சை எடுக்கிறது, வாய்க்கட்டை அவிழ்க்கிறது. அப்பாவின் கண் பாதி திறக்கிறது. அதோடு படம் நின்றுவிடுகிறது. அடுத்த துண்டைப் போட்டேன். தரை. மூங்கில். யாருடைய செருப்போ. உடைந்த பூசணிக்காய்.

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. கேமராமேனைக் கூப்பிட்டேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அந்தக் கேமராவில் ஒரே பொத்தான்தான். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். நான் கட் சொன்னபோது அவர் அழுத்தியது சரியாக விழவில்லை, கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சிரிப்பு ஷாட்டுக்கு ஓடவிடுவதாக நினைத்து அழுத்தியபோது நின்றிருக்கிறது. முடிந்தது என்று அழுத்தியபோது மறுபடி ஓடியிருக்கிறது. சிவப்பு லைட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அதன்மேல்தான் டேப் ஒட்டியிருந்தோமே.

சரி, படம் இல்லாவிட்டால் போகிறது, சிரித்தார் என்பதாவது உண்மை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் நிலைக்கவில்லை. எப்படிச் சிரித்தார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நெற்றிக்காசு தெறித்து விழுகிற மாதிரிச் சிரித்தார் என்றார் கேமராமேன். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது என்றார் மேனேஜர். முகத்தை மூடிக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார் என்றாள் மேக்கப் போடும் பெண். எனக்கு மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது: வாயை அகலமாகத் திறந்து, வெற்றிலைக் கறை படிந்த பல் தெரிய. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது சட்டென்று உறைத்தது. என் அப்பா ஆயுளில் வெற்றிலை போட்டதில்லை.

அப்படியானால் நான் யாருடைய சிரிப்பை நினைத்துக்கொண்டிருக்கிறேன்? கொன்று எழுப்பிய சீரியல் கிழவர்களில் ஒருவருடையதா? பயமாக இருந்தது. அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். கால்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்க வாய் வரவில்லை. அம்மாவிடம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

‘எவ்வளவு நாள் தேடுவே?’ என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவர அப்பாவை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். அவர் மத்தியானம் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். எனக்குத் தோஷத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் விரல் வைக்கும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நம்பிக்கை இல்லாதவன் ஏன் அப்படி நிற்க வேண்டும்? விளங்கவில்லை.

சௌண்ட் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. நான் இயக்கிய சீரியல்களில் படம் பிடிக்கும்போது வருகிற சத்தத்துக்கு மதிப்பில்லை, எல்லாம் பிறகு டப்பிங்கில் பேசிக்கொள்வோம். இந்தப் படத்துக்கு மட்டும் அங்கேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு பெண்ணை வைத்திருந்தேன். அவள் மெஷின் தனி, கேமரா நின்றாலும் அது ஓடும். விஷயத்தைக் கேள்விப்பட்டு அவளே போன் செய்தாள். ‘சார், நீங்க கட் சொன்னா நான் நிறுத்த மாட்டேன். பூசணிக்கா உடையற வரைக்கும் இருக்கும்’ என்றாள். அன்று மாலையே ஃபைல் என் போனுக்கு வந்துவிட்டது.

நான் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அந்தப் புத்தி வரவில்லை. நேராக ஹாலில் உட்கார்ந்து, அம்மாவைக் கூப்பிட்டு, படம்தான் விட்டுப்போச்சு, சத்தம் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கறதுக்குள்ள ஏன்டா நிறுத்துனீங்க என்று கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டாள். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “போடு சாமி” என்றாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

காற்று. காக்காய். என் குரல், கட். பிறகு நெடுநேரம் யார் யாரோ பேசுவது, சாமான் இழுபடும் சத்தம். மேனேஜர் கன்னடத்தில் கத்துகிறார்: “நகி யஜமான்ரே, நகி!” சிரிக்கச் சொல்கிறார். பதில் இல்லை. மறுபடி கத்துகிறார். அப்போது தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, என் அப்பாவின் குரல்:

“ராமாபுரம்! எறங்கறவங்கெல்லாம் எறங்குங்க!”

பாடையில் அசந்து தூங்கியிருக்கிறார் மனுஷன்.

அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு வந்தது. வாய்விட்டு, மூச்சுத் திணறி, நின்று, மறுபடி பொத்துக்கொண்டு வருகிற சிரிப்பு. எங்கள் எல்லோருடைய சிரிப்பும் பின்னால் கேட்கிறது. ஆனால் இது எல்லாவற்றுக்கும் மேலே, மைக்குக்குப் பக்கத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது பெண் சிரிப்பு.

அம்மாவுக்குத் தெரியவில்லை. “யாரு இது, இந்தச் சிரிப்பு சிரிக்கறா?” என்று என்னைக் கேட்டாள்.

“நீதான்” என்றார் அப்பா.

தன் சிரிப்பை அவள் எங்கே கேட்டிருக்கிறாள்? மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாம் முறை தானே விரலால் நிறுத்தினாள். வாய்க்கட்டு அவிழ்த்தது, அவர் பஸ்ஸை நிறுத்தியது, தான் பாடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப நீங்க சிரிக்கவே இல்லீங்களா?”

“எங்க சிரிக்கறது? நீ சிரிக்கறதப் பாத்துட்டு இருந்தேன்.”

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் சிரிக்க வேண்டிய நேரத்தில் தான் சிரித்துக் கெடுத்துவிட்டேன் என்றாள். அத்தை சொன்னது சரிதான் என்றாள். இத்தனை நாளும் ஊரெல்லாம் பொய் சொல்லியிருக்கிறேன் என்றாள். நான் ஏதேதோ சொன்னேன். ரத்த அழுத்தம் என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கேட்கவில்லை. எத்தனை அழுகையை இயக்கியிருக்கிறேன்! கிளிசரின் எவ்வளவு, எப்போது கண்ணீர் விழ வேண்டும், எந்தக் கன்னத்தில் என்றெல்லாம் சொல்லத் தெரிந்தவனுக்கு, சொந்த அம்மா அழும்போது எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. என்ன எழவுக்கு இந்தப் படத்தை எடுத்தேன் என்றிருந்தது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

“எந்திரிச்சது நானு. சிரிச்சது நீயி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு டிக்கெட்டுன்னு வெச்சுக்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். காலம் பூராவும் பெற்ற தாய்க்குக்கூட ஓசி டிக்கெட் கொடுக்காத கண்டக்டர் அவர். அம்மா எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சமாதானம் ஆகிவிட்டாளா, இன்னும் பயமா? கேட்கவும் துணிச்சல் இல்லை. இப்போதாவது எடுத்துவிடலாம் என்று போனைத் திருப்பி, “கொஞ்சம் சிரிங்கப்பா” என்றேன். டிக்கெட் கேட்கிற மாதிரிப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தை என் போனுக்குக் கூப்பிட்டாள். உடம்பு விசாரித்தாள், மழை விசாரித்தாள், பிறகு பாடைக்கு வந்தாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

“கேட்டுப்போட்டுப் பேசுங்க்கா” என்றவள், அந்த ஃபைலை எங்கே தேடுவது என்று என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் பஸ் குரல் வந்தது. பின்னாலேயே அந்தச் சிரிப்பு. கடைசிவரை ஓடவிட்டு, “கேட்டீங்களா? அவருதான்” என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பிறகு அத்தை சொல்வது எனக்கே கேட்டது. “ஆமா, என்ற தம்பி சிரிப்புத்தான். எங்கப்பனும் இப்பிடித்தான் சிரிப்பாரு.”

அம்மா தெரிந்து சொல்கிறாளா, இல்லை இந்த ஒரு வாரத்தில் அதை அவர் சிரிப்பாகவே ஆக்கிக்கொண்டுவிட்டாளா? அத்தை நிஜமாகவே தம்பியைக் கேட்டாளா, விட்டுக்கொடுத்தாளா? யாரைக் கேட்பது? அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பையன் படத்தை விழாவில் காட்டப்போகிறார்கள் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அனுமதி கொடுத்துவிட்டாள் என்பது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

நாற்காலியிலிருந்து அப்பா என் முழங்கையை மெல்லத் தட்டினார்.

“என்ற சிரிப்பு நல்லாத்தான் இருக்குதில்ல?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வலது பக்கம் மட்டும்தான் வந்தது, சத்தத்தோடு வந்தது. என் கை தானாகப் போனைத் தேடியது. அது அம்மாவின் காதில் இருந்தது.